உபதேசியார் எழுதிய விமர்சனம்

கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாள் வரவே மாட்டேன் என்றது. உபதேசியார் சூசைராஜ் சுரண்டிச் சுரண்டி நகம் தேய்ந்ததுதான் மிச்சம்.

"பசையில என்னத்தப் போட்ட, கிருஷ்ணம்மா?"

"வெறும் மைதாதானுங்க. நீங்கதான மழைக்கும் தாங்கோணும்னீங்க?" என்றாள் சாமியார் பங்களாவில் சமைக்கும் கிருஷ்ணம்மாள்.

தாளை எழுதியவரும் சூசைராஜ்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் மைதானத்தில் திருத்தூதர்கள் படம் போட்டார்கள். அதில் பேதுரு, சேவல் கூவுவதற்குள் மூன்று தடவை, 'இயேசுவை எனக்குத் தெரியாது' என்று கை நடுங்க, வேர்த்து வழியச் சொல்கிறார். சூசைராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'திருச்சபையின் பாறை இப்படியா தொடை நடுங்குவார்? இயக்குநர் வேதாகமத்தைத் தொட்டாவது பார்த்திருக்கிறாரா?' என்று வெளுத்து வாங்கி, 'ஒரு விசுவாசி' என்று கையெழுத்திட்டு ஒட்டிவிட்டார்.

இன்று காலை சாமியார் குண்டைத் தூக்கிப் போட்டார். அந்த இயக்குநர் யுவராஜ் மதியம் சாப்பிட வருகிறாராம். அடுத்த படம் இங்கே ஏற்காட்டில்தானாம். தோமையார் வேடத்துக்குச் சூசைராஜின் தாடியைச் சாமியாரே சிபாரிசு செய்திருக்கிறாராம். இருபது வருஷமாகத் திருவிழா நாடகத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றே காலம் தள்ளிய மனுஷன், ஆசை இருக்காதா?

இயக்குநரைக் குளிர்விக்க, கொட்டச்சேடு கிராமம் வரை போய் நாட்டுச் சேவல் ஒன்றைப் பிடித்துவந்து கிருஷ்ணம்மாளிடம் கொடுத்தார். பிறகு தாள் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். அது ஊறுவதற்குள் கார் வந்து நின்றது. பாய்ந்து போய்ப் பலகையை முதுகால் மறைத்துக்கொண்டார்.

"வாங்க, வாங்க!" என்று கும்பிட்டபடி முன்னால் வந்தார். தாளும் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது.

பின்னால் நடந்த யுவராஜ் அதை உரித்துத் திருப்பி, நிதானமாகப் படித்து முடித்தார்.

"உங்க முதுகுல இருந்தத யாருங்க எழுதுனது?"

"தெரியாதுங்க."

"சாமியாருக்கு நீங்க எழுதுன கடிதாசிய அவரு எனக்கு அனுப்பியிருந்தாரு. அதே எழுத்தாட்டம் இருக்குதுங்களே?"

"நான் பேனாவையே தொடறதில்லீங்க," என்றார், சட்டைப்பையில் பேனாவோடு.

"அப்ப அந்த விசுவாசிய உங்களுக்குத் தெரியாது?"

"சத்தியமா அந்த ஆளு யாருன்னே தெரியாதுங்க!"

கை நடுங்கியது. மார்கழிக் குளிரில் அவருக்கு வேர்த்து வழிந்தது.

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற கிருஷ்ணம்மாள் சொன்னாள்:

"ஏனுங்க உபதேசியாரே, மூணு வாட்டி ஆயிப்போச்சுங்க. கூவறதுக்குத்தான் ஆளில்ல, நீங்க கொண்டாந்த சேவலு கொழம்புல கொதிக்குதுங்க."