மிதிக்காதபோது வரும் சத்தம்

என் வீட்டில் ஒரே ஒரு விஷயத்தையாவது மனைவிக்குத் தெரியாமல் நானே கண்டுபிடித்து நானே சரிசெய்துவிடுவது என்று சபதம் எடுத்தேன்.

விஷயம், என் மின்சார சைக்கிள். மலை ஏறும் ரகம். தடித் தடியாக டயர், பெடலுக்கு நடுவே பூசணிப் பிஞ்சு அளவுக்கு ஒரு மோட்டார். நாம் மிதித்தால் அதுவும் கூடச் சேர்ந்து மிதிக்கும். நாம் சும்மா இருந்தால் அதுவும் சும்மா இருக்கும். எனக்கேற்ற கூட்டாளி.

அந்தக் கூட்டாளிதான் திடீரென்று கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது.

மனைவியிடம் வாய் திறக்க முடியாது. வாங்கும்போதே கேட்டவள் அவள்.

"தொப்பை குறையணும்னு டாக்டர் சொன்னார், சரி. அதுக்கு சைக்கிள் வாங்கறீங்க, சரி. சைக்கிளுக்கு எதுக்குங்க மோட்டார்?"

"மலை ஏறணும்ல?"

"அப்போ மோட்டாரோட தொப்பைதான் குறையும்."

போதாததற்கு அவளுக்கு வேலை காது ஆஸ்பத்திரியில். கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்காரவைத்து, "இப்போ கேக்குதா? இந்தக் காதா, அந்தக் காதா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பவள். விடுப்புக்காகச் செவிடு மாதிரி நடிக்கிறவர்களைக்கூட மூன்றாவது கேள்வியில் பிடித்துவிடுவாள். அவளிடம் போய் "சத்தம்" என்ற வார்த்தையையே சொல்லக் கூடாது.

எனவே நானே துப்பறிந்தேன்.

முதல் சந்தேகம் பக்கத்து வீட்டு மிலிட்டரி மேல். அவர் பட்டாளத்துக்குப் போனவர் இல்லை. மீசை மட்டும் போய்விட்டு வந்த மாதிரி இருக்கும். வண்டி வந்த புதிதில் "ஒரே ஒரு ரவுண்டு" என்று கெஞ்சினார். நான் கொடுக்கவில்லை. அந்தக் கடுப்பில் உள்ளே கூழாங்கல் எதையாவது போட்டிருப்பாரோ?

சுவருக்கு மேலாக அவரே ஆரம்பித்தார்.

"என்ன சார், வண்டிக்கு இருமலா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெருவுக்கே தெரியும். வேகத்தடையில ஏறி இறங்கும்போது பல் செட்டு கழண்ட மாதிரி கேக்குதே!"

"நீங்க இதைத் தொட்டீங்களா?"

"நீங்கதான் தொடவே விடலையே?"

குற்றம் செய்தவன்தான் இப்படிப் பட்டென்று பதில் சொல்வான். மனதில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த சந்தேகம் சைக்கிள் கடைக்காரர் மேல். ஓட்டிப் பார்த்துவிட்டு, "அது அப்படித்தான் சார் இருக்கும், போகப்போகப் பழகிடும்" என்றார். இதே வாக்கியத்தைத்தான் கல்யாணத்தன்று என் மாமனாரும் சொன்னார். நான் எப்படி நம்புவது?

மூன்றாவது சந்தேகம் மனைவி மேலேயே. தெருவுக்கே கேட்ட சத்தம் அவளுக்குக் கேட்காமல் இருக்குமா? ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் ஒன்றைப் பற்றிக் கேட்கவில்லை என்றால் அதைத் தோண்டிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் துணி காயப்போட மாடிக்குப் போன நேரம் பார்த்து, கொல்லைப்புறத்தில் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். வேவு பார்த்த மாதிரியும் ஆச்சு, ஒத்தாசைக்கும் ஆச்சு என்று மிலிட்டரியையும் கூப்பிட்டேன். மோட்டார் மூடியைக் கழற்றினேன். கண்ணில் பட்ட திருகையெல்லாம் முறுக்கினேன். தொங்கிய ஒயரையெல்லாம் பழைய பனியனைக் கிழித்துக் கட்டினேன். திரும்ப மூடியபோது ஒரு ஸ்க்ரூ மிச்சம். எந்த ஓட்டையும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

மிலிட்டரி சக்கரத்தைச் சுற்ற, நான் ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை மோட்டாரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துத் தரையில் படுத்திருந்தேன். கண் திறந்தால், தலைக்கு மேல் மனைவி.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. எங்கேயோ ஒரு ஸ்க்ரூ கழண்டிருக்கு."

"அது எனக்கு எப்பவோ தெரியும். சத்தம் எத்தனை நாளா?"

எழுந்து உட்கார்ந்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"கொஞ்ச நாளா."

"விட்டு விட்டா, தொடர்ந்தா?"

"விட்டு விட்டு."

"மிதிக்கும்போதா, மிதிக்காதப்பவா?"

"மிதிக்காதப்ப."

"ஏத்தத்துலயா, இறக்கத்துலயா?"

எதைச் சொன்னாலும் வம்பு. தினமும் மாலையில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு "மலைக்குப் போயிட்டு வரேன்" என்று அறிவித்துவிட்டுக் கிளம்புகிறவன் நான். ஏற்றம் என்றால் எந்த ஏற்றம் என்பாள். இறக்கம் என்றால் எவ்வளவு இறக்கம் என்பாள்.

"சமதரையிலம்மா."

"சமதரையிலயா?"

"குண்டும் குழியுமான சமதரை."

"ம்."

அவளுடைய எல்லா "ம்"களும் எனக்கு அத்துப்படி. இந்த "ம்" புதிது. மிலிட்டரிகூட மீசையைத் தடவுவதை நிறுத்திவிட்டார்.

"சாவியைக் கொடுங்க. நானே ஓட்டிப் பாக்கறேன்."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"உங்களுக்கே தெரியுதே!"

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்தாள். தோளில் ஒரு பை. என் கவசத்தை மாட்டிக்கொண்டு, நேராக மலைப்பக்கம் திரும்பினாள்.

அந்தச் சாலையில்தான் பேக்கரி இருக்கிறது. பேக்கரிக்காரனுக்கு என் வண்டி நன்றாகத் தெரியும். வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். மிலிட்டரியும் வீட்டுக்குப் போகாமல் கூடவே நின்றார். சந்தேகம் இப்போது என்மேலேயே திரும்பியிருந்தது. இனிமேல் துப்பறிய வேண்டியது அவள் முகத்தை.

வெகுநேரம் கழித்து வந்தாள். செருப்பெல்லாம் செம்மண். முகம் பளபளவென்று இருந்தது. பையிலிருந்து பேட்டரியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒரு டம்ளர் தண்ணீரை நிதானமாகக் குடித்தாள். அவ்வளவு நிதானமாகத் தண்ணீர் குடிக்கிறவர்களை நம்பவே கூடாது.

"எல்லாம் கண்டுபிடிச்சுட்டேன்" என்றாள்.

"எ... எதைம்மா?"

"இத்தனை நாளா உள்ளே என்ன நடக்குதுன்னு. இனிமே நீங்க ஒளிச்சு மறைச்சு அவஸ்தைப்பட வேண்டாம்."

உள்ளே! பேக்கரிக்கு உள்ளே! மிலிட்டரியைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்கதானே போட்டுக்கொடுத்தீங்க?"

"எதை சார்?"

"தினமும் இல்லம்மா!" என்று மனைவியின் பக்கம் திரும்பினேன். "முதல் நாள் நிஜமாவே மலைக்குத்தான் போனேன். பாதிகூட ஏறல, மூச்சு வாங்குச்சு. திரும்பற வழியில பேக்கரி. ஒரு க்ரீம் பன்னு, அவ்வளவுதான். மறுநாள் அவங்களே நாற்காலி போட்டுட்டாங்க. மறுக்க முடியல. வரும்போது குழாயில முகத்தை நனைச்சுக்கிட்டு வந்தேன், வேர்வை மாதிரி இருக்கட்டும்னு. அது மட்டும்தாம்மா தப்பு!"

மிலிட்டரி வாயைப் பிளந்தார். "க்ரீம் பன்னா? என்னை ஒரு நாள்கூடக் கூப்பிடலையே சார்!"

மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் மோட்டாருக்கு உள்ளே நடக்கறதைச் சொன்னேங்க."



அவள் என்னை விட்டுவிட்டு மிலிட்டரிக்கு விளக்கினாள். "கல்லுப் பாதையில இறங்கும்போது ஒரே கடகட சத்தம்ணே. பேட்டரி ஆடுதோன்னு கழட்டிப் பையில போட்டுக்கிட்டு இறங்கினேன், அப்பவும் சத்தம். ஒயரெல்லாம் இவரோட பனியன்ல கெட்டியா இருக்கு, அதுவும் இல்ல. காலைப் பெடல்மேல வெச்சு லேசா அழுத்தினேன். டக்குன்னு நின்னுடுச்சு! மிதிக்கும்போது உள்ளே இருக்கிற பல்சக்கரமெல்லாம் ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் பிடிச்சுக்குது. சும்மா இருந்தா பிடி விட்டு ஆடுது. கோளாறே இல்ல. வேலை செய்யாதப்பதான் சத்தம்."

கடைசி வாக்கியத்தின்போது மட்டும் என்னைப் பார்த்தாள்.

மறுநாளிலிருந்து அவள் ஆஸ்பத்திரிக்குப் போவது என் சைக்கிளில். மாலையில் அவள் சைக்கிளில் மலை ஏற, நான் பின்னால் நடந்து ஏறுகிறேன். பேக்கரிக்கு எதிரே வரும்போது மட்டும் அவள் வேகத்தைக் குறைத்து என் பக்கத்திலேயே வருகிறாள்.

நேற்று கிளம்பும்போது சுவருக்கு மேலாக மிலிட்டரி கேட்டார்:

"என்னம்மா, சத்தம் நின்னுடுச்சா?"

"வண்டிச் சத்தம் அப்படியேதான் இருக்குண்ணே," என்றாள் என் மனைவி. "இவர் சத்தம்தான் நின்னுடுச்சு."