பந்தல் விழுந்தால் யார் பொறுப்பு?

முடிவெடுத்துவிட்டார் ரத்தினசாமி. இந்தப் பொங்கல் விழாவில் பேசியே தீருவது! அதுவும் சாதாரணப் பேச்சா? பட்டிமன்றம்! "வீட்டில் ஓங்கி நிற்பது கணவன் சொல்லா, மனைவி சொல்லா?" கணவன் சொல்லே என்று வாதாடும் அணிக்கு அவர்தான் தலைவர்.

சிரிக்காதீர்கள். அவரே கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய பதவி அது.

கௌதள்ளி என்ற கிராமத்தில் பிறந்து, மைசூருக்கு வந்து குடியேறி, தினமும் நஞ்சன்கூடு பஸ்ஸைப் பிடித்து ஃபேக்டரிக்குப் போகிற மனுஷன். ஷிப்ட் சூப்பர்வைசர். அங்கே அவர் விசில் ஊதினால் மெஷினெல்லாம் நிற்கும். வீட்டில் அவர் ஊதுவது காபியை மட்டும்தான். எந்தச் சட்டை போடுவது, எந்த பஸ்ஸில் போவது, எந்தச் செய்தியைக் கேட்டுக் கவலைப்படுவது, எல்லாமே அவர் சம்சாரம் சொர்ணலதா சொல்வதுதான்.

ஆனால் மனுஷனுக்கு ஆசை இருக்காதா? ஒரே ஒரு சாயங்காலம். அவர் குடியிருக்கும் எக்ஸ்டென்ஷனின் தமிழ்ச் சனம் அத்தனையும் முன்னால் உட்கார்ந்திருக்க, கையில் மைக்கைப் பிடித்து, "என் வீட்டில் என் சொல்தான்!" என்று ஒரு தடவை முழங்கிவிட வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆயுசு முழுக்கக் காபியை ஊதச் சொன்னாலும் ஊதிக்கொள்வார்.

ஒரே ஒரு இடைஞ்சல். முன்வரிசையில் சொர்ணலதா உட்கார்ந்திருந்தால் நாக்கு எழும்புமா? எழும்பாது. மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே அவள் விழாவுக்கு வரக்கூடாது. வராதே என்று யார் சொல்வது? எப்படிச் சொல்வது?

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு புது ரூல் வந்து அவருக்குக் கைகொடுத்தது.

விழா நடப்பது கார்ப்பரேஷன் மைதானத்தில். வருஷா வருஷம் ஒரு மனு கொடுத்தால் போதும், சரி என்று விட்டுவிடுவார்கள். அந்த வருஷம், அதாவது தொண்ணூற்றாறில், மனு கொடுக்கப் போன தமிழ் மன்றத் தலைவர் செந்தில்நாதன் முகம் வெளுத்துத் திரும்பி வந்தார். டைலர் கடைக்காரர். குளிக்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் கழுத்தில் டேப் தொங்கும்.

"இன்சூரன்ஸ் வேணுமாம்ப்பா!" என்றார்.

"யாருக்கு? உங்களுக்கா?" என்று பதறினார் மன்றத்தின் செயலாளரான ரத்தினசாமி.

"எனக்கு எதுக்கய்யா? விழாவுக்கு! அவங்க எடத்துல நாம பந்தல் போடறோம். பந்தல் சரிஞ்சு எவன் மண்டையாவது ஒடைஞ்சா, கரண்ட் அடிச்சா, நஷ்ட ஈடு யார் குடுக்கறதுன்னு கேக்கறாங்க. கார்ப்பரேஷன் குடுக்காதாம். நாம இன்சூரன்ஸ் பண்ணிக் கொண்டாந்து காட்டினாத்தான் மைதானமாம்."

"நம்ம பந்தல் விழாதுன்னு சொல்றதுதானே?"

"சொல்லாம இருப்பேனா? விழாத பந்தலுக்கு இன்சூரன்ஸ் சுலபமாக் கெடைக்குமே, ஓடிப்போய் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க!"

கமிட்டி மொத்தமும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தது. ரத்தினசாமி மட்டும் துள்ளி எழுந்தார். அவருக்கு வழி பிறந்துவிட்டது!

வீட்டுக்கு வந்தார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். சொர்ணலதா தட்டில் களி உருண்டையை வைத்துக் குழம்பை ஊற்றினாள்.

"சொர்ணா, இந்த வருஷம் விழாவுக்கு நீ வர முடியாது போலிருக்கே!"

"ஏனுங்க?"

"இன்சூரன்ஸ் ரூலு. கமிட்டிக்காரங்க சம்சாரத்துக்குக் கவர் கெடையாதாம்."

"கவர்னா என்னங்க?"

"பந்தல் உன் மேல விழுந்தா கம்பெனி ஒண்ணும் குடுக்காது."

"மத்த பொம்பளைங்க மேல விழுந்தா?"

"அதுக்குக் குடுக்கும்."

"நான் கமிட்டிக்காரர் சம்சாரம்னு பந்தலுக்கு எப்படிங்க தெரியும்?"

"பந்தலுக்குத் தெரியாது. கம்பெனிக்குத் தெரியும்! ஒரே குடும்பத்துல ரெண்டு பேர் மேல விழுந்தா அவங்களால தாங்க முடியாதாம்."

"ஒருத்தர் மேல விழுந்தாத் தாங்குமுங்களா?"

"தாங்கும்."

"அப்பச் சரி. நீங்க வீட்டுல இருங்க, நான் போய்ட்டு வர்றேன்."

ரத்தினசாமிக்குப் புரையேறியது. தலையில் தட்டி, தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் செகரெட்டரி! நான் இல்லாம விழாவா? எனக்குக் கவர் உண்டு. உனக்குத்தான் இல்ல!" என்றார்.

சொர்ணலதா குழம்புச் சட்டியை மூடி வைத்தாள். பிறகு, "சரிங்க," என்றாள்.

இந்த "சரிங்க" இருக்கிறதே, இதற்குத்தான் பயப்பட வேண்டும். சண்டை போடுகிற மனைவியைச் சமாதானம் பண்ணிவிடலாம். "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போகிற மனைவியை ஒன்றும் பண்ண முடியாது. ரத்தினசாமிக்கு இதெல்லாம் எங்கே தோன்றுகிறது? ஜெயித்துவிட்ட குஷியில் இன்னொரு உருண்டை களியை உள்ளே தள்ளினார்.

மறுநாள் காலையிலிருந்து ஒத்திகை ஆரம்பமாயிற்று. குளியலறையில்! பக்கெட்டில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, சோப்புப் பெட்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு, "நடுவர் அவர்களே! எங்கள் வீட்டில் நான் நில் என்றால் நிற்பாள்! உட்கார் என்றால் உட்காருவாள்!" என்று முழங்கினார். தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே ஒன்றும் கேட்காது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. பாவம், முழங்குகிறவருக்கு மட்டும்தான் தண்ணீர்ச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

இன்சூரன்ஸ் ஆபீசில் மஞ்சுநாத் என்று ஓர் அதிகாரி. தங்கமான மனுஷர். மைதானத்தை நேரில் பார்த்துவிட்டுத்தான் பாலிசி கொடுப்பேன் என்றுவிட்டார். பந்தல் எங்கே, வயர் எப்படிப் போகிறது, கூட்டம் எந்த வழியாக வெளியே போகும், எல்லாம் பார்க்க வேண்டுமாம். வருவது காலை பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில் கமிட்டி ஆண்கள் ஒருத்தராவது ஊரில் இருப்பார்களா? எல்லாரும் ஷிப்டில். செந்தில்நாதன் கடையிலோ பொங்கல் ஜாக்கெட் மலை மாதிரிக் குவிந்து கிடந்தது.

நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ரேஷன் கடையோ, ஸ்கூல் மீட்டிங்கோ, பகலில் பார்க்க வேண்டிய வேலை எதுவானாலும் சம்சாரத்திடம் தள்ளிவிட்டு பஸ் ஏறிவிடுவது. ரத்தினசாமியும் அதையேதான் செய்தார். இன்சூரன்ஸைக் காட்டி எந்த மனைவியை விழாவுக்கு வராதே என்றாரோ, அதே மனைவியிடம் இன்சூரன்ஸ் அதிகாரியையே பிடித்துக் கொடுத்தார்!

"சொர்ணா, நாளைக்கு ஒரு ஆபீசர் வருவாரு. மைதானத்த ஒரு சுத்துச் சுத்திக் காட்டிடு. அவரு கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீயா எதையும் கேட்டுக்கிட்டு நிக்காத."

"நான் ஏனுங்க கேக்கறேன்?" என்றாள் சொர்ணலதா.

பாலிசி தயாராகிவிட்டது என்று சீக்கிரமே சொல்லியனுப்பினார்கள். செந்தில்நாதனும் ரத்தினசாமியும் ஆபீசுக்கு ஓடினார்கள். 'பொறுப்பாளர்' என்று ஒருத்தர் கையெழுத்துப் போட வேண்டுமாம். அந்த வார்த்தையைக் கேட்டதும் ரத்தினசாமிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. செந்தில்நாதன் பேனாவைத் திறப்பதற்குள் பிடுங்கிக்கொண்டார்.

"ஸ்வல்ப இரிங்க. பொறுப்பாளருக்கு ஒரு கண்டிஷன் இருக்கு..." என்று ஆரம்பித்தார் மஞ்சுநாத்.

"கொத்து சார், கொத்து!" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்தைப் போட்டார் ரத்தினசாமி. கன்னடத்தில் 'கொத்து' என்றால் தெரியும் என்று அர்த்தம். அவருக்கு ஒன்றும் தெரியாது.

விழா நாளும் வந்தது! ஆகா, என்ன கூட்டம்! மைதானம் முழுக்கக் கரும்பும் மாவிலையும் தோரணமும்! ஒரு பக்கம் உறியடி, ஒரு பக்கம் கோலப்போட்டி. பெண்கள் தலையிலெல்லாம் மைசூர் மல்லிகை. ஜெனரேட்டர் தடதடவென்று ஓட, ட்யூப்லைட் பளீரென்று எரிந்தது. ரத்தினசாமி பட்டு வேட்டியில் ஜொலித்தார். சட்டையில் 'பொறுப்பாளர்' என்று ரோஜா நிற பேட்ஜ். கிளம்பும்போது மனைவியிடம், "டிவியில படம் போடுவான், பாத்துக்கிட்டிரு," என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். "நான் பாத்துக்கறேனுங்க," என்று அவளும் சொல்லியிருந்தாள்.

பட்டிமன்ற நடுவர் செந்தில்நாதன்தான். மைக்கைத் தட்டினார். "கணவன் அணித் தலைவர், அண்ணன் ரத்தினசாமி மேடைக்கு வரவும்!"

முதல் படியில் கால் வைத்தார் ரத்தினசாமி. பின்னாலிருந்து தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினார். மஞ்சுநாத்!

"எல்லிகே ஹோகறீங்க, ரத்தினசாமியவரே?"

"மேடைக்கு சார்! நான்தான் தலைவர்!"

"அய்யோ, நீங்க பொறுப்பாளர்! உங்க எடம் அது." ஜெனரேட்டர் பக்கத்தில் வரிசையாக வைத்திருந்த மணல் பக்கெட்டுகளையும் அவற்றின் நடுவில் கிடந்த ஒற்றை நாற்காலியையும் காட்டினார். "விழா முடியற வரைக்கும் அங்கேயே கூத்திருக்கணும், எழுந்திருக்கக் கூடாது. நீங்க மேடை ஏறினா கவர் போச்சு. கவர் போச்சுன்னா கார்ப்பரேஷன் பர்மிஷனும் போச்சு. எல்லா லைட்டும் ஆஃப்!"

"யார் சார் இப்படி ஒரு ரூல் போட்டது?" அலறினார் ரத்தினசாமி.

"உங்க மிஸ்ஸஸ்தான்! அன்னைக்கு மைதானத்துல கேட்டாங்க. 'நெருப்புக் கிருப்புப் புடிச்சா யாருங்க பாக்கறது? ஆம்பளைங்க எல்லாரும் மேடையில ஏறிக்குவாங்க. பொறுப்பான ஒருத்தர அங்கயே உக்கார வெச்சிடுங்க'ன்னு. ஒள்ளே பாயிண்ட்! எனக்கே தோணல. அந்த மாதிரிப் பொறுப்பான ஆள் யாரும்மான்னு கேட்டேன். எங்க வீட்டுக்காரர விட்டா இந்த எக்ஸ்டென்ஷன்லயே ஆள் இல்லீங்கன்னாங்க!"

"அது... கமிட்டிக்காரங்க சம்சாரத்துக்குக் கவர்..." என்று இழுத்தார் ரத்தினசாமி.

"அதையும் கேட்டாங்க! நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். வர்றவங்க எல்லாருக்கும் கவர் உண்டு. வழி தவறி உள்ள வந்தவனுக்குக்கூட உண்டு. நீங்க நாற்காலிய விட்டு எழுந்திருக்காம இருந்தா!"

போனார். உட்கார்ந்தார். இந்தப் பக்கம் மணல், அந்தப் பக்கம் மணல். மைக்கில் அவர் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். கையை ஆட்டினார், எழுந்து பார்த்தார், வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார் மஞ்சுநாத். அழுகையே வந்துவிட்டது மனுஷனுக்கு.

மேடையில் மனைவி அணித் தலைவி தாரணி டீச்சர் எழுந்தாள். "கணவன் அணிக்குப் பேச ஆளே இல்லியா நடுவரே? தீர்ப்பச் சொல்லிடுங்க, நாங்க கெளம்பறோம்!" கூட்டம் ஓவென்று சிரித்தது.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு பட்டுச் சேலை எழுந்தது. சொர்ணலதா! எப்போது வந்தாள்? யாருக்குத் தெரியும்?

"நான் பேசறேனுங்க," என்றாள்.

"நீங்களா?" செந்தில்நாதன் கழுத்து டேப்பைப் பிடித்துக்கொண்டார். "இது கணவன் சொல்லே பெருசுங்கற அணிங்க!"

"ஏனுங்க, நான் சொன்னாச் செல்லாதுங்களா?"

ஏறினாள். மைக்கைப் பிடித்தாள். "நடுவர் அவர்களே! எங்கள் வீட்டில் அவர் நில் என்றால் நிற்பேன்! உட்கார் என்றால் உட்காருவேன்!"

ரத்தினசாமி தூக்கிவாரிப் போட எழுந்தார். "அய்யய்யோ, என் பேச்சு! என்னோட பேச்சு சார் அது!"

"கூத்துக்கொள்ளி, கூத்துக்கொள்ளி! கவர், கவர்!" என்று அமுக்கி உட்கார வைத்தார் மஞ்சுநாத்.

அச்சு அசலாக அவர் பேச்சேதான். எங்கே குரலை ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும், பக்கெட் நிரம்பிவிட்டதே என்று குழாயை மூடுவதற்காக அவர் எங்கே நிறுத்துவார், அதைக்கூட விடாமல் அப்படியே ஒப்பித்தாள். கைதட்டல் பந்தலைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. அவருக்கு வர வேண்டிய கைதட்டல்! அதோடு விட்டாளா? சொந்தச் சரக்கையும் இறக்கினாள்.

"எங்க வீட்டுல எல்லாமே அவரு சொல்றதுதானுங்க. இன்னைக்கு என்ன சமைக்கறதுன்னு கேப்பேன். 'உன் இஷ்டம்'பாரு. சொன்னது யாருங்க?"

"அவரு!" என்றது கூட்டம்.

"பையன எந்த ஸ்கூல்ல போடறதுன்னு கேப்பேன். 'நீயே பாத்துக்க'ம்பாரு. சொன்னது யாருங்க?"

"அவரு! அவரு!"

"இந்த வருஷம் விழாவுக்கு வராதேன்னாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "அதுவும் அவரு சொன்னதுதானுங்களே!"

மைதானமே அதிர்ந்தது. விசில் பறந்தது. செந்தில்நாதன் கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல? வீட்டில் ஓங்கி நிற்பது கணவன் சொல்லே!" என்று தீர்ப்பை வாசித்தார்.

தாரணி டீச்சர் விடுவாளா? "ஒத்துக்க மாட்டேன் நடுவரே! அவங்க வீட்டுக்காரரு அதோ உக்காந்திருக்காரு. அவரு வாயால சொல்லட்டும்!"

கூட்டமே திரும்பிப் பார்த்தது. வயரை இழுத்துக்கொண்டு மைக் கைமாறிக் கைமாறி ஜெனரேட்டர் பக்கம் வந்தது. ரத்தினசாமியின் கையிலேயே வந்து உட்கார்ந்தது! எத்தனை நாள் ஏங்கிய மைக்! மொத்த எக்ஸ்டென்ஷனும் மூச்சு விடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க அண்ணே!" என்றார் செந்தில்நாதன். "உங்க வீட்டுல உங்க சொல்தானா?"

ரத்தினசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்தினார். வாயைத் திறந்தவர், சட்டென்று மூடிக்கொண்டு மேடையைப் பார்த்தார்.

சொர்ணலதா, சொல்லலாம் என்று தலையை ஆட்டினாள்.

"ஆமாங்க," என்றார்.