கயிற்றை இழுத்தால் கல்யாணி

வேலைநிறுத்தம் இல்லை, மின்வெட்டு இல்லை. ஒரு பிடிலை மட்டும் கொண்டு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையையே நிறுத்திய மனிதர் எங்கள் பிடில் அண்ணாத்தே. அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது. அடையாள அட்டையைத் தவிர வேறு யாரும் அதை உபயோகிக்கவில்லை.

பிள்ளைப்பாக்கத்துக்காரர். கார் பாகங்கள் பூட்டும் எங்கள் லைனுக்கு எலக்ட்ரீஷியன். மற்ற நேரமெல்லாம் கர்நாடகம், கானா, சர்ச் பாட்டு, எல்லாம் ஒரே வில்லில். ஒருமுறை வல்லக்கோட்டையில் சாமி புறப்பாட்டுக்கு, வெள்ளைக்காரர்களின் ஜோடி நடன மெட்டை வாசித்துவிட்டார். தூக்கியவர்களின் கால்கள் தாமாக மாறி, முருகன் அன்று ஆடி அசைந்துதான் வீதி வந்தார். "ராகம் காம்போதிதான் சாமி, நடைதான் சீமை" என்று குருக்களிடமே வாதாடினார்.

லைனில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கயிறு தொங்கும். கோளாறு என்றால் இழுக்க வேண்டும். பஸ்ஸர் அலறும், சூப்பர்வைசர் ஓடி வந்து அணைப்பார். நாற்பது நொடிக்குள் அணைக்காவிட்டால் லைன் மொத்தமும் நின்றுவிடும், அவர் தலை உருளும். யார் இழுத்தது என்று தெரியாமல் அவர் திண்டாடுவதைப் பார்த்த அண்ணாத்தே, ஆளுக்கொரு நாற்பது நொடி மெட்டு போட்டு, தானே வாசித்துப் பதிந்து, பஸ்ஸருக்குப் பதிலாக மாட்டிவிட்டார்.

வந்தது வினை. மெட்டை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டு சூப்பர்வைசர் இப்போது நேராக ஓடி வந்து அணைத்தார். எந்த மெட்டும் பல்லவியைத் தாண்டவில்லை.

"சார், கொஞ்சம் மெதுவா வாங்க சார். சரணத்துலதான் விசயமே கீது."

"சரணம் வர்ற வரைக்கும் நின்னா என் வேலை பூடும்யா!"

மீதியைக் கேட்கும் ஆசையில் கயிறுகள் சும்மாவே ஆடத் தொடங்கின. சேதி மேலிடத்துக்கு எட்டியது. சனிக்கிழமையிலிருந்து பழைய பஸ்ஸர்தான் என்று உத்தரவு வந்தது.

சங்கரன்கோவிலிலிருந்து புதிதாக வந்திருந்த நான், பயத்தில் கயிற்றைத் தொட்டதே இல்லை. அண்ணாத்தேவுக்கு அது பெரிய மனக்குறை.

"ஒம்போதாவது கவுறு உன்னுது தம்பி. அதுக்கு மெட்ட உங்க ஊரு நையாண்டி மேளத்துல எடுத்து, கல்யாணில கொண்டாந்து வுட்டுகீறேன். நான் போட்டதுலயே அதான் ஒசத்தி. யாரும் கேக்காமயே பூடும் போல கீது."

"நாளைக்குச் சும்மா இழுத்துருதேண்ணே."

"பொய்யா இழுத்தின்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்!"

சனிக்கிழமை காலை. பஸ்ஸரும் கையுமாக அண்ணாத்தே ஏணியில் ஏறிவிட்டார். அந்த நேரம் பார்த்து என்னிடம் வந்த ஒரு போல்ட், எவ்வளவு திருகியும் உட்காரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

நையாண்டி துள்ளியது. எங்கள் ஊர்க் கோயில் கொடையில் நிற்பதுபோல உடம்பு சிலிர்த்தது. சூப்பர்வைசர் ஓடி வந்து சுவிட்சில் கை வைத்தார். ஏணியின் மேல், கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்த மனிதரை அண்ணாந்து பார்த்தார். கை அப்படியே நின்றது. கல்யாணி வந்தது. சரணமும் வந்தது. பாட்டு முடிந்தது, லைன் நின்றது.

"லைன் நின்னதுக்குக் காரணம் இன்னான்னுய்யா எழுதறது?" என்றார் சூப்பர்வைசர்.

"போல்ட்டுதான சார்," என்று அண்ணாத்தே மூக்கை உறிஞ்சினார்.

இன்று வேறொரு தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர். இங்கே வெறும் பஸ்ஸர்தான். எந்தக் கயிறு ஆடினாலும் ஓடுகிறேன். ஒன்பதாவது கயிறு ஆடினால் மட்டும் கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறேன், அண்ணாத்தே.