பிரேக் ஞானியின் காது

உங்கள் வண்டியின் பிரேக் கிரீச்சிடுகிறதா? மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறதா? மற்ற ஊர்களில் இதற்கு மெக்கானிக்கிடம் போவார்கள். பாவம், விவரம் தெரியாதவர்கள். எங்கள் ஊரில் பிரேக் ஞானியிடம் போவோம்.

உதிரிபாகக் கடைக்குப் பின்னால் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை. காலையிலேயே எஸ்யூவிகள் தெருமுனை வரை வரிசை கட்டி நிற்கும். ஞானி பிரேக் பேட் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். எந்தப் பெட்டி அவரோடு பேசுகிறதோ, அதுதான் உங்கள் வண்டிக்கு. வண்டி என்ன மாடல், என்ன எடை என்றெல்லாம் அற்பக் கேள்வி கேட்க மாட்டார். ரோட்டார் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு. அதை பேட் கவ்விப் பிடித்தால்தான் வண்டி நிற்கும் என்பது பாமரர் கணக்கு. ஞானியின் கணக்கில் நம்பினாலே நிற்கும்.

நிபந்தனை ஒன்றுதான். பெட்டியைத் திறக்கக் கூடாது. ஓர் இரவு அதை வண்டிக்குள் வைத்திருந்து, மறுநாள் கொண்டுவந்து ஞானியின் காதில் மறுபடி வைக்க வேண்டும். பழகிவிட்டது என்று அவர் சொன்னால், அவருடைய ஆள் திரைக்குப் பின்னால் மாட்டித் தருவார். நடுவில் திறந்தால் பிடிமானம் காற்றோடு போய்விடுமாம். வங்கி மேலாளர் திறக்கவில்லை. இயற்பியல் பேராசிரியரும் திறக்கவில்லை. படித்தவர்கள் அல்லவா, சொன்னபடி கேட்டார்கள்.

ஆடிட்டர் ஒருவரும் அந்த வரிசையில் நின்றார். ஊரார் கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் தூக்கம் வராத மனிதர். பெட்டியைப் பயபக்தியோடு வாங்கிவந்து, வண்டியின் முன் இருக்கையில் வைத்து, சீட் பெல்ட்டும் மாட்டிவிட்டார்.

அந்த வண்டியை ஓட்டுவது அவர் மனைவி. வீடு மேட்டில், பள்ளிக்கூடம் கீழே. இரண்டு மகள்களையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு தினமும் அந்த இறக்கத்தில் இறங்குகிறவர். முந்தின வாரம் கடைசி வளைவில் பிரேக்கை அழுத்தியும் வண்டி நழுவி, ஒரு மதில் சுவரை உரசுகிற மாதிரிப் போய்த்தான் நின்றது. அன்றே அவர் சக்கரத்தருகே குனிந்தார். ரோட்டாரை விரலால் தடவிப் பார்த்தார். வரி வரியாகப் பள்ளம். பேட் மட்டும் போதாது, ரோட்டாரும் மாற்ற வேண்டும், இரண்டும் இந்த வண்டிக்கு உரியதுதானா என்று பார்த்து வாங்க வேண்டும் என்று கணவரிடம் வாய் வலிக்கச் சொன்னார். ரோட்டாருக்கு வந்திருப்பது கோபம், ராசியான பேட் போட்டால் தணிந்துவிடும் என்று ஞானி சொன்னதை ஆடிட்டர் அப்படியே ஒப்பித்தார்.

மனைவிக்கு வேலை இரத்தப் பரிசோதனைக் கூடத்தில். குப்பியைத் திறக்காமல் முடிவு எழுதும் வழக்கம் அங்கே இல்லை. அன்று சாயங்காலமே பெட்டியைத் திறந்தார். உள்ளே யாரோ கழற்றிப் போட்ட பழைய பேட்கள், மேலே கறுப்புப் பெயிண்ட். அவற்றை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, நான்கு சலவை சோப்புக் கட்டிகளை உள்ளே அடுக்கி, முன்போலவே டேப் ஒட்டிவிட்டார்.

மறுநாள் ஆடிட்டரும் மனைவியும் பெட்டியோடு போனபோது கொட்டகையில் நல்ல கூட்டம். ஞானி பெட்டியைக் காதில் வைத்தார். புருவம் நெளிந்தது. முகத்தில் புன்னகை பரவியது.

"அருமையா பழகிடுச்சு. உங்க பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் நிக்கும்."

"உள்ள என்ன இருக்குன்னு கேக்குதுங்களா?" என்றார் ஆடிட்டரின் மனைவி.

"இரும்பு பேசுதும்மா. சந்தேகப்பட்டா பேச்சை நிறுத்திடும்."

ஆடிட்டரின் மனைவி சாவியால் டேப்பைக் கிழித்துப் பெட்டியை மேஜையில் கவிழ்த்தார். நான்கு சோப்பும் வழுக்கிக்கொண்டு விழுந்தன.

"யாரோ மாத்திட்டாங்க" என்றார் ஞானி.

"நான்தான் மாத்தினேன். அதை உங்க காது ஏன் சொல்லல?"

கைப்பையிலிருந்து பழைய பேட் ஒன்றை எடுத்துச் சாவியால் சுரண்டினார். பெயிண்ட் உதிர்ந்து துரு தெரிந்தது. "இதை மாட்டிக்கிட்டு என் பிள்ளைங்களை இறக்கத்துல கூட்டிட்டுப் போயிருப்பேன்" என்று அதை ஞானியின் முன்னால் வைத்தார்.

ஞானியின் காது பட்டால் சோப்பும் வண்டியை நிறுத்தக்கூடும், அவசரப்பட்டு முடிவுக்கு வரக்கூடாது என்றார் பேராசிரியர். முதலில் உங்கள் வண்டியிலேயே மாட்டிப் பார்க்கலாமா என்று யாரோ கேட்டதும், அவருக்கு வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. அதற்குள் வங்கி மேலாளர் தன் பெட்டியைப் பிரித்திருந்தார். பிறகு எல்லோரும் பிரித்தார்கள். எல்லாவற்றிலும் அதே துரு, அதே பெயிண்ட்.

ஞானி பின்பக்கமாக நழுவித் தன் எஸ்யூவியில் ஏறி விரட்டினார். கூட்டம் ஓடிப்போய் வாசலை மறித்தது. வண்டி அந்த இடத்திலேயே நச்சென்று நின்றது. ஒரு கிரீச்சு இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. ஆடிட்டர் குனிந்து சக்கர இடுக்கில் பார்த்தார். புத்தம் புது ரோட்டார், புது பேட். ஞானி மட்டும் தன் காதை நம்பியதில்லை.

அன்றே ஆடிட்டர் வேறு கடைக்கு மனைவியோடு போய், ரோட்டாரும் பேடும் தங்கள் வண்டிக்கு உரியதுதானா என்று பார்த்து, பெட்டியைத் திறந்து சரிபார்த்து வாங்கினார். மறுநாள் கடைசி வளைவில் வண்டி சொன்னபடி கேட்டது.

நீங்கள் எதை வேண்டுமானாலும் நம்பிக்கொள்ளுங்கள், ஐயா. ஆனால் பின் இருக்கையில் இருக்கும் குழந்தைகளுக்கு உங்கள் நம்பிக்கையில் பங்கு கிடையாது. விபத்தில் மட்டும்தான் பங்கு. மூளையைக் கொஞ்சம் உபயோகித்துவிட்டு வண்டியை எடுங்கள்.