முதல் மாட்டைப் பிடிக்காத மனிதர்

வீடியோ கேம் விளையாடுகிறவர்களை உலகம் முழுக்கத் தேடிப் பிடித்து வரிசையில் நிறுத்தினாலும், முதலில் வருகிற எதிரிக்குக் கும்பிடு போட்டு வழிவிடுகிற ஆள் ஒருவர்தான் தேறுவார். அவர் எங்கள் அன்னவாசல் கடைவீதியில் ரேடியோ செட் கடை வைத்திருக்கிறார். அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. கடைப் பலகையில் எழுதித்தான் இருந்தது. வெயிலில் அழிந்ததை அவரும் திரும்ப எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஊருக்கு அவர் சாமிமாடு.

கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவருடைய மைக் செட்தான். ஆனால் அவர் பெயர் வாங்கியது ஜல்லிக்கட்டு வர்ணனையில். சுற்றுவட்டாரத்தில் எங்கே வாடிவாசல் திறந்தாலும் மைக் அவர் கையில் இருக்கும். "யோவ் பச்ச பனியன்! வால விடுய்யா! திமில மட்டும் புடி! ஒரு ஆளு... ஒரு ஆளு... மாடு ஜெயிச்சிருச்சு! மாட்டுக்காரருக்கு ஒரு குக்கர்!" அந்தக் குரலுக்கு மாடே ஒரு நொடி நின்று திரும்பிப் பார்க்கும்.

தையில் தொடங்கி வைகாசி வரைக்கும் அந்தத் தொண்டைக்கு ஓய்வில்லை. அதற்குப் பிறகு அடுத்த தை வரை வேலையும் இல்லை. வேலையில்லாத தொண்டை எவ்வளவு ஆபத்தானது என்பது பக்கத்து வீட்டுக்காரனான எனக்குத்தான் தெரியும். அந்த ஓய்வுக் காலத்தில்தான் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த அவருடைய மைத்துனர், தான் விளையாடி அலுத்த கேம் கன்சோலை அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போனார். கடை மாடிதான் வீடு, அங்கே டிவி ஏற்கெனவே இருந்தது. ஸ்பீக்கருக்குச் சொல்லவே வேண்டாம்.

ஒரு சாயங்காலம் நான் மௌனத்தின் அழகைப் பற்றி ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். சுவர் அதிர்ந்தது. "விடு! விடு! அது சாமிமாடு! யாரும் தொடாதீக!" மௌனத்தைக் காப்பாற்ற மாடி ஏறினேன்.

மடித்துக் கட்டிய கைலியோடு அவர் கன்சோலின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். திரையில் துப்பாக்கியோடு ஒரு முரடன் ஓடிவந்தான். நம்மவர் கையில் இருந்த கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பினார். முரடன் நிதானமாகச் சுட்டான். நம்மவர் செத்தார்.

"என்ன மச்சான் இது, கும்புட்டுக்கிட்டு நிக்கிறீங்க?"

"மாப்ள, வாடிவாசல்ல மொதல்ல என்ன அவுத்து விடுவாக?"

"கோயில் காளைய."

"அதப் புடிப்பியா?"

"புடிக்க மாட்டாக."

"அம்புட்டுத்தான். மொதல்ல வர்றது சாமிமாடு. போகட்டும். அதுக்கப்புறம் வர்றவன நான் பாத்துக்கிறேன்."

அதற்கப்புறம் வருகிறவனைப் பார்க்க உயிரோடு இருக்க வேண்டுமே என்றேன். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார். முதல் முரடன் வந்தான். கும்பிட்டார்.

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. மௌனத்தின் அழகை அப்படியே போட்டுவிட்டுத் தினமும் மாடி ஏறத் தொடங்கினேன். போகப் போகத்தான் தெரிந்தது, ஜல்லிக்கட்டுச் சட்டம் முழுவதையும் அவர் கேமுக்குள் கொண்டுவந்திருந்தார். பின்னாலிருந்து சுடுவது வாலைப் பிடிப்பதற்குச் சமம், தப்பாட்டம். நாலு பேர் சேர்ந்து ஒருவனைத் தாக்குவது, ஒரே திமிலில் நாலு பேர் தொங்குவது, அதுவும் தப்பாட்டம். பாதியில் சேவ் செய்துவிட்டு, செத்தால் அங்கிருந்தே தொடங்குவதை அவரால் ஜீரணிக்கவே முடியவில்லை. "குத்துப்பட்டவன் எந்திரிச்சு, குத்துறதுக்கு முன்னாடி இருந்த எடத்துல போய் நிப்பானா மாப்ள? அப்பறம் எதுக்கு ஆஸ்பத்திரி?"

கேம் உலகத்தின் சர்ச்சைகள் ஒவ்வொன்றிலும் அவருக்கு ஒரு தீர்ப்பு உண்டு. காசு கொடுத்து ஆட்டக்காரனுக்கு ஜிகினாச் சட்டை வாங்கி மாட்டுவது பற்றிக் கேட்டேன். "கொம்புக்குப் பெயின்ட் அடிக்கிறது நல்லதுதான். அதுக்காகப் பெயின்ட் ஓடாது மாப்ள, மாடுதான் ஓடணும்." மைத்துனர் போட்டுவிட்டுப் போன டேட்டா தீரும் வரை, ஹெட்போனில் முகம் தெரியாத எவனோ கெட்ட வார்த்தையில் திட்டினால், இவர் குரலைச் சரிசெய்துகொண்டு வர்ணனையில் இறங்குவார்: "வடக்கேயிருந்து வந்திருக்கும் தம்பி நல்லாப் பேசுறாரு! அவருக்கு ஒரு சில்வர் குடம்!" எதிர்ப்பக்கம் பயந்து இணைப்பைத் துண்டித்துவிடும்.

எந்தக் கருவி உயர்ந்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கன்சோல்தான். "கம்ப்யூட்டர்ல ஆடுறது டைப்ரைட்டிங் பரீட்சை எழுதுற மாதிரி. மொபைலு கண்ணாடியத் தடவுறது. இது ஒன்னுதான் மாப்ள கையில புடிச்சா துள்ளுது." அடிபடும்போது கன்ட்ரோலர் அதிர்வதைத்தான் சொல்கிறார்.

இதற்கு எதிர்க்கட்சி நஸ்ரின். கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருப்பவரின் மகள். திருச்சியில் இன்ஜினியரிங் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் மாடிக்கு வந்து அவரைத் தோற்கடிப்பது அவளுடைய பொழுதுபோக்கு.

"மாமா, மொபைல்ல ஆடுனா உலகத்துல எல்லாரோடயும் ஆடலாம்."

"யாருன்னே தெரியாதவன்கிட்டத் தோக்குறதுக்கு நான் ஏன் ஆத்தா டேட்டா போடணும்? தெரிஞ்சவுகளே இம்புட்டுப் பேரு இருக்கீக."

அதுதான் சிக்கல். தெரிந்தவர்கள் எல்லாரிடமும் தோற்றிருந்தார். என்னிடமே தோற்றார் என்றால் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. நான் கன்ட்ரோலரைத் தலைகீழாகப் பிடித்து ஜெயித்தவன். செய்தி அவர் மனைவியின் காதுக்குப் போனது. அவரை நான் அக்கா என்பேன், ஊரே அவருக்குப் பயப்படும்.

"வாடிவாசல்ல மைக்கப் புடிச்சா ஊரே கேக்குது. இங்கிட்டு வந்து சின்னப் புள்ளைககிட்டயெல்லாம் தோத்துட்டு, சாமிமாடுன்னு பேரு வேற. வர்ற தைக்குள்ள எங்கயாச்சும் ஒரு எடத்துல ஜெயிச்சுட்டு வாங்க. இல்லேன்னா பெட்டியக் கட்டித் தம்பி மகனுக்குக் குடுத்துருவேன். எந்தம்பி குடுத்ததுதானே?"

அந்தக் குரலில் குக்கர் எதுவும் இல்லை. சாமிமாட்டுக்கு முகம் சுருங்கிவிட்டது. கன்ட்ரோலரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

நல்லவேளையாக, கடைவீதி இளைஞர் மன்றம் தீபாவளி விடுமுறையில் கேம் போட்டி வைத்தது. கல்யாண மண்டபத்தில் பெரிய திரை. துப்பாக்கிச் சண்டை, ஒருவருக்கு ஒருவர். பரிசு, மூடியோடு ஓர் அண்டா. செட் சாமிமாட்டினுடையது. அவரே ஆட வேண்டியிருந்ததால் வர்ணனைக்கு ஆள் இல்லை. "சாரு எழுத்தாளருதானே, நாலு வார்த்த பேசட்டும்" என்று மைக்கை என் கையில் திணித்தார்கள்.

ஆச்சரியம், அவர் ஜெயித்துக்கொண்டே வந்தார். அந்தச் சுற்றுகளில் ஆளுக்கு மூன்று உயிர். எதிராளிக்கு முதல் தடவை வழிவிட்டுச் செத்துவிடுவார். மிச்ச உயிர்களை வைத்து எதிராளியை முன்னால் நின்று, முறைப்படி முடித்துவிடுவார். இறுதிச் சுற்றில் எதிரே நஸ்ரின்.

அப்போதுதான் மண்டபத்து மேனேஜர் வந்தார். மறுநாள் முகூர்த்தத்துக்குச் சமையல்காரர்கள் வந்துவிட்டார்களாம், சீக்கிரம் காலி செய்ய வேண்டுமாம். மன்றத்துத் தலைவர் நேரத்தைச் சுருக்கினார். "ஃபைனலுக்கு ஆளுக்கு ஒரே உசுரு!"

சாமிமாடு என் பக்கம் திரும்பினார். "மாப்ள, ஒரே உசுருன்னா... மொதல்ல வர்ற ஆளும் கடைசில வர்ற ஆளும் ஒன்னுதானே?"

"ஆமா மச்சான். இன்னைக்கி ஒருநாள் சுட்டுருங்க. பெட்டி போயிரும்."

முன்வரிசையில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் தொடங்கியது. ஒரு பாழடைந்த சரக்குக் கிட்டங்கி. இந்தக் கோடியில் இவருடைய ஆள், அந்தக் கோடியில் நஸ்ரினுடைய ஆள். மூலையில் திரும்பியதும் இருவரும் நேருக்கு நேர். நஸ்ரினின் துப்பாக்கி இன்னும் உயரவில்லை. இவர் விரலை அழுத்தினால் முடிந்தது. மண்டபமே "சுடு மாமா!" என்று கத்தியது.

சாமிமாடு கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். கை கூப்பினார்.

நஸ்ரின் துப்பாக்கியைத் தூக்கினாள். குறியும் பார்த்தாள். சுடவில்லை.

நான் மைக்கில் என் இலக்கியப் பயிற்சி முழுவதையும் திரட்டினேன். "நிற்கிறார்கள்..." என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் நிற்கிறார்கள்..." வாசிப்பு, எழுத்து, தமிழ் எல்லாம் சேர்ந்து அவ்வளவுதான் கொடுத்தன. திரையில் இரண்டு பொம்மைகளும் சம்பந்தம் பேசவந்தவர்கள் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தன. கடிகாரம் ஓடி முடிந்தது. சமநிலை.

"ஏன் புள்ள சுடல?" என்று தலைவர் எரிந்து விழுந்தார்.

"வழிவிட்டு நிக்கிற ஆளச் சுட்டுட்டுப் போனா, மளிகைக்கடையில ஒக்காந்திருக்குற எங்கத்தா என்னைய வீட்டுக்குள்ள சேக்க மாட்டாரு" என்றாள் நஸ்ரின். "இதுல பாருங்க, வேற யாராச்சும்னா மொத நொடியிலயே தூக்கியிருப்பேன்."

பரிசைப் பங்கு போட வேண்டியதாயிற்று. நஸ்ரின் மூடியை எடுத்துக்கொண்டாள். "அண்டா எங்க வீட்டுல கெடக்கு. மூடிதான் காணாமப் போச்சு."

சாமிமாடு அண்டாவை இரண்டு கையிலும் ஏந்தி அக்காவின் முன்னால் போய் நின்றார். நான் மைக்கை அணைக்க மறந்திருந்தேன். மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஜெயிச்சீங்களா?"

"தோக்கல."

அக்கா அண்டாவை வாங்கி, கவிழ்த்து, விரலால் சுண்டிப் பார்த்தார். நல்ல கனம். "ம்... பெட்டிய இதுக்குள்ள வைங்க. வெளிய கெடந்தா தூசி படியும்" என்றார்.

கன்சோல் இன்றும் மாடியில்தான் இருக்கிறது. சாயங்காலமானால் அண்டாவிலிருந்து வெளியே வரும். நான்தான் முதல் ஆட்டம். முரடன் ஓடிவருவான், என் விரல் துடிக்கும், கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுவேன். அவன் சுடுவான். பக்கத்தில் அந்தத் தொண்டை திறக்கும்: "மாடு ஜெயிச்சிருச்சு! விட்டுக் குடுத்த மாப்ளைக்கு ஒரு சில்வர் குடம்!" தோற்றுப்போகிறவனுக்கு இவ்வளவு நல்ல குரல் வேறு எந்த ஊரில் கிடைக்கும்?