பேஸ் கிதார்க்காரரும் எங்கள் முன்னறையும்

ஒரு முடிவு எடுத்தேன். இனி முன்னறையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. யாருக்கும் என்றால் மனைவிக்கு. வீட்டில் வேறு யாரும் இல்லை.

எங்கள் வீட்டில் வெளிச்சம் வருவது அந்த ஓர் அறைக்குத்தான். அதில் என் இசைத்தட்டுகள் இருநூற்றுப் பதினொன்று இருக்கின்றன. சுவரில் ஒரு பெரிய போஸ்டர். அதில் நான்கு பேர், நான்கு காடு மாதிரி தலைமுடி. நாற்பது வருஷத்துக்கு முன் உலகத்தையே ஆட்டிவைத்துவிட்டு, ஒருநாள் சண்டை போட்டுப் பிரிந்துபோன ராக் குழு. ஞாயிறு காலை பத்து மணிக்கு ரசிகர் மன்றம் அங்கே கூடும். மன்றம் என்றால் பல் டாக்டர், டிரைவிங் ஸ்கூல்காரர், லிஃப்ட் மெக்கானிக்காகிய நான்.

மூன்று பேருக்குள் இரண்டு கட்சி. குழு பிரிந்த பிறகு பாடகர் தனியாகப் போட்ட பாட்டுகள்தான் அதன் பெயரைக் காப்பாற்றின என்பது பல் டாக்டர் கட்சி. கிதார்க்காரர் தனியாக வாசித்ததுதான் இசை, பாடகர் பாடியதெல்லாம் சோப்பு விளம்பரத்துக்குத்தான் ஆகும் என்பது என் கட்சி. டிரைவிங் ஸ்கூல்காரர் இந்தப் பக்கம் ஒருமுறை தலையாட்டுவார், அந்தப் பக்கம் ஒருமுறை. டிரம்ஸ்காரர் இறந்துவிட்டார், ஆகவே அவரைப் பற்றி மரியாதையாகப் பேசுவோம். பேஸ் கிதார்க்காரரைப் பற்றி எப்படியும் பேசுவதில்லை.

மனைவி தையல்காரி. அவளுடைய மிஷின் சமையலறை மூலையில், ஜன்னலே இல்லாத பக்கமாகக் கிடந்தது.

"அந்த ரூமை எனக்குக் குடுங்க. கறுப்புத் துணியில கறுப்பு நூல் ஓட்டினா எனக்கு ஊசியே தெரியலை. தையல் கத்துக்க அஞ்சாறு பேர் கேக்குறாங்க. அவங்களை அடுப்பு மேலயா உட்கார வைக்கிறது?"

"அது வெறும் ரூம் இல்ல. அது ஒரு வரலாறு."

"வரலாறைக் கட்டிலுக்கு அடியில தள்ளுங்க. இடம் இருக்கு."

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது எப்போதாவதுதான் செய்யும், செய்யும்போது நான் தடுத்திருக்க வேண்டும்.

"ஒரு போட்டி வச்சுக்கலாம். இந்த நாலு பேரைப் பத்தி ஒரே ஒரு கேள்வி கேளு. எனக்குப் பதில் தெரியலைன்னா ரூம் உனக்கு. தெரிஞ்சுதுன்னா நீ இனிமே ரூம் பேச்சையே எடுக்கக் கூடாது."

இவர்களைக் கரைத்துக் குடித்தவன் நான். அவளுக்கோ பாடகரின் குரலும் மிக்ஸி ஓடும் சத்தமும் ஒன்றுதான். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"எது வேணும்னாலும் கேக்கலாமா?"

"எது வேணும்னாலும்."

"குழு பிரிஞ்சதுக்கு அப்புறம் நடந்ததையுமா?"

"இன்னிக்குக் காலை வரைக்கும் நடந்ததைக் கேளு."

"எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். 'இன்று காலை வரை' என்பதற்கு அடிக்கோடும் போட்டேன். அடிக்கோட்டை அவள் கேட்கவில்லை, என் கொழுப்பு.

ஞாயிற்றுக்கிழமை மன்றத்தாரே நடுவர்கள். மனைவி கழுத்தில் அளவு டேப்போடு வந்து போஸ்டர் பக்கத்தில் நின்றாள்.

"ஓரத்துல நிக்கிறாரே, இந்தத் தொப்பிக்காரர், இவர் இப்போ என்ன பண்றார்?"

சிரித்தேன். "பேஸ் கிதார்க்காரரா? குழு பிரிஞ்சதும் ஆளே காணாமப் போயிட்டார். எங்க இருக்கார்னு உலகத்துல யாருக்கும் தெரியாது. டாக்டரையே கேளு."

"வேற கட்சின்னாலும் இதுல நான் அவர் பக்கம்தான். யாருக்கும் தெரியாது தங்கச்சி."

"எனக்குத் தெரியும். இவர்கிட்டதான் நாலு வருஷமா நான் போன்ல, வீடியோ கிளாஸ்ல கோட்டு தைக்கக் கத்துக்குறேன்."

போனை நீட்டினாள். மூக்கு நுனியில் கண்ணாடியோடு வழுக்கைத் தலைக் கிழவர் ஒருவர் காலர் தைத்துக்கொண்டிருந்தார். எனக்கு உயிர் வந்தது.

"இவரா அவர்? தலையில ஒரு முடி இல்லையே."

"முடி போகும்ங்க. முகம் எங்க போகும்?"

பல் டாக்டர் போனை வாங்கிப் போஸ்டருக்குப் பக்கத்தில் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "மேல் வரிசையில ரெண்டாவது பல்லு, முதல் பல்லு மேல ஏறியிருக்கு. கோரைப்பல் நுனி உடைஞ்சிருக்கு. ரெண்டு படத்துலயும் ஒரே வாய்தான்." பிறகு என்னைப் பார்த்தார். "என்னை மன்னிச்சிடுங்க."

"நாலு வருஷமா ஏன் என்கிட்ட சொல்லலை?" என்றேன் மனைவியிடம்.

"வாரா வாரம் மூணு பேர் உட்கார்ந்து கத்துறீங்க. ஒருநாளாவது அவர் என்ன ஆனார்னு யாராவது கேட்டீங்களா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

சொல்லிக்கொண்டே அவரை வீடியோவில் கூப்பிட்டாள். எடுத்தார். என் இளமையில் கால் பங்கு அந்தச் சின்னத் திரையில் வந்து நின்று, போன வாரக் காலர் எப்படி வந்தது என்று என் மனைவியை விசாரித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கட்சியை விடவில்லை. முண்டியடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், பாடகர் பெரியவரா கிதார்க்காரர் பெரியவரா என்று கேட்டேன்.

யோசித்தார். இரண்டு பேருக்குமே பட்டன் தைக்கத் தெரியாது என்றார். மேடை உடுப்பெல்லாம் அவர் தைத்ததாம். போஸ்டரில் பாடகர் போட்டிருக்கிற பொன்னிறக் கோட்டும் அவர் கைவேலைதான். கோட்டைத் தொட்டுக் கும்பிடுவதுபோல் பல் டாக்டர் போஸ்டரில் கை வைத்தார். மன்றம் கட்சி மாறுவதை என் கண்ணால் பார்த்தேன்.

கடைசி முயற்சியாக அவரிடமே முறையிட்டேன். உங்கள் பாட்டுக்காகவே ஓர் அறை வைத்திருக்கிறேன், அதை இவள் கேட்கிறாள், நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள் என்றேன். அந்த அறைக்கு எத்தனை ஜன்னல் என்று கேட்டார்.

"மூன்று," என்றேன் பெருமையாக.

"அப்படியானால் தையலுக்கு விடுங்கள். பாட்டை இருட்டிலும் கேட்கலாம்," என்றார்.

முன்னறையில் இப்போது நாலு மிஷின். போஸ்டரை மட்டும் கழற்றவில்லை, காலர் பாடம் எடுக்க வசதியாக இருக்கிறதாம். டிரைவிங் ஸ்கூல்காரர் முதல் நாளே சேர்ந்துவிட்டார். பெடல் மிதிப்பதில் அவரை அடிக்க ஆளில்லை என்கிறாள் மனைவி. நானும் சேர்கிறேன் என்றேன். எனக்கு முன்னால் ஏழு பேர் காத்திருக்கிறார்களாம், பெயரை எழுதி வைத்திருக்கிறாள்.

அதுவரை பாட்டுக் கேட்க வாசல் மாடிப்படி ஒதுக்கியிருக்கிறாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்றாவது படியில் உட்கார்ந்திருக்கிறேன். "கொஞ்சம் தள்ளி உட்காருங்க, கிளாசுக்கு நேரமாச்சு," என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போகிறார் பல் டாக்டர்.