ராவுத்தர் தராத வெற்றிலைக் காம்பு

ராஜபாளையத்தில் கைக்குழந்தைகள் வெளிக்குப் போவதற்கு ஒரே ஒருவரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. அவர் டாக்டர் இல்லை, வைத்தியரும் இல்லை. கடைவீதியில் வெற்றிலைக் கடை வைத்திருந்த ராவுத்தர். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். எனக்குத் தெரியாது, ஊரில் யாருக்கும் தெரியாது. வெற்றிலை ராவுத்தர் என்றால் சஞ்சீவி மலை அடிவாரம் வரைக்கும் தெரியும்.

வெற்றிலைக்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று இந்தக் காலத்துப் பெற்றோர்கள் கேட்பார்கள். குழந்தைக்கு மலம் கட்டிக்கொண்டால், வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைப்பது அப்போது வீட்டுக்கு வீடு நடந்த வைத்தியம். ஆகவே பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து யாராவது ஒற்றை வெற்றிலை கேட்டு வந்தால் கடைக்காரருக்கு விஷயம் புரிந்துவிடும். மற்றவர்கள் வெற்றிலையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். ராவுத்தர் விசாரணையை ஆரம்பிப்பார்.

நிலைகொள்ளாத மனிதர் அவர். வத்திராயிருப்புக் கொடிக்காலிலிருந்து வந்து இறங்கும் வெற்றிலையை அடிக்கடி திருப்பி, தண்ணீர் தெளித்து, அழுகலைப் பொறுக்கி எறியாவிட்டால் கட்டு மொத்தமும் கெட்டுவிடும். கை அந்த வேலையைப் பார்க்கும், வாய் அதே வேகத்தில் கேட்கும்.

"பிள்ளைக்கு எத்தனை மாசம்? தாய்ப்பால் மட்டுமா, வேற எதும் குடுக்கியளா? பால் குடிக்கா? வாந்தி உண்டா? வயிறு கல்லாட்டம் இருக்கா, பஞ்சாட்டம் இருக்கா? காத்துப் பிரியுதா?"

இதெல்லாம் கடைவீதிக்கே கேட்கும்படி. பக்கத்தில் நிச்சயதார்த்தத்துக்கு வெற்றிலை வாங்க வந்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பார்கள். பதிலில் ஏதாவது கோளாறு இருந்தால் கடையை அப்படியே போட்டுவிட்டு, குதிரை வண்டி ஒன்றைக் கைதட்டிக் கூப்பிட்டு, தாயையும் பிள்ளையையும் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை. பதில் எல்லாம் நன்றாக இருந்தாலோ, "காம்பு கெடையாது, வீட்டுக்குப் போங்க" என்பார். இரண்டு வழியிலும் காம்பு கிடைக்காது. வெற்றிலைக் கடைக்கு இப்படி ஒரு முதலாளி.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. அந்தப் பிள்ளைக்குப் போகும் வரை அவருக்கு இருப்புக் கொள்ளாது. ஒரு கல்யாணத்துக்குத் தாம்பூல வெற்றிலை கொண்டுவந்து இறக்கினார். பந்தலில் நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் பிள்ளைக்கு மூன்று நாளாகப் போகவில்லை என்பது ராவுத்தருக்குத் தெரியும். இத்தனை சனம் உட்கார்ந்திருக்கிறதே என்று பார்க்க வேண்டாமா? நேரே முன்னால் போய் நின்று, "போச்சா?" என்றார். வாத்தியத்தை வாயிலிருந்து எடுக்க முடியாத அந்த மனிதர் வாசித்துக்கொண்டே இல்லை என்று தலையை ஆட்டினார். ராவுத்தர் உடனே தம் இரண்டு கைகளையும் குழந்தையின் கால்களாகப் பாவித்து, வயிற்றோடு மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கி, எப்படிச் செய்ய வேண்டும் என்று காட்டினார். மாப்பிள்ளை வீட்டார் ராவுத்தர் தாளம் போடுகிறார் என்று நினைத்து ரசித்தார்கள்.

மற்றவர்கள் வீட்டுப் பிள்ளை என்றால் இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருக்கும். நானும் சிரித்தவன்தான், என் வீட்டுக்கு வரும் வரை.

அப்போது உலகச் சண்டைக் காலம். பஞ்சு மூட்டைகளை அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கியில் நான் குமாஸ்தா. என் மகளுக்கு இரண்டரை மாதம். தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கிடையாது. திடீரென்று அவளுக்குப் போவது நின்றுவிட்டது. இரண்டாம் நாள் என் மாமியார் அதைக் கவனித்தார். மூன்றாம் நாளிலிருந்து அவர் வேறு எதையும் கவனிக்கவில்லை. உலை கொதித்து வழியும், அவர் துணியை விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்தேன். கிட்டங்கிக் கணக்கில் ஒரு வரியைக்கூட ஒழுங்காக எழுத முடியவில்லை. வீட்டில் நிம்மதியாக இருந்தது பாப்பா ஒருத்திதான். எங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எங்களுக்குப் பயம் கொஞ்சம் அதிகம். அதற்குக் காரணம் உண்டு. மூன்று வருஷம் முன்னால் பிறந்த ஆண் குழந்தை இருபது நாளில் போய்விட்டான். அவனுக்கும் வயிற்றில்தான் ஆரம்பித்தது. அதனால் "தானா சரியாயிரும்" என்று யாராவது சொன்னால் எனக்கு அவர்களைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது.

ஆறாம் நாள் காலையில் மாமியார் தீர்ப்புச் சொன்னார்.

"மாப்ள, ஒரு வெத்தலக் காம்பு வாங்கிட்டு வாங்க. அதுக்கும் அசையலேன்னா, பொழுது சாயுறதுக்குள்ள சங்குல விளக்கெண்ணெய ஊத்திப் பொகட்டிருவேன்."

"பச்சப் பிள்ளைக்கு எண்ணெய் வேண்டாம்மா" என்றாள் என் மனைவி கோமதி.

"ஏட்டி, ஒன்னைய நான் அப்படித்தான் வளத்தேன்."

கோமதி குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ராவுத்தரிடம் போய் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். பால் குடிக்கிறாள், வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை, வயிறு மெத்தென்று இருக்கிறது.

"காம்பு கெடையாது."

"ஆறு நாளு ஆச்சு ராவுத்தரே."

"ஆகட்டும். காலை மடக்கி மடக்கி விடச் சொல்லும். கெடையாதுன்னா கெடையாதுதான்."

கோபத்தில் எனக்கு ஒரு பொய் தோன்றியது. குழந்தைக்கு வேண்டாம், வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார், தாம்பூலத்துக்கு ஒரு கட்டு வெற்றிலை கொடுங்கள் என்றேன். அவர் நல்ல கொழுந்து வெற்றிலையாகத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றாக எடுத்து, அத்தனை காம்பையும் நகத்தால் கிள்ளி வாய்க்காலில் எறிந்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

அடுத்த கடைக்குப் போனேன். அங்கேயும் கிள்ளிய வெற்றிலைதான் கிடைத்தது. "ராவுத்தர் இப்பத்தான் ஆள் விட்டுச் சொன்னாரு" என்றார் கடைக்காரர். மூன்றாவது கடையில் என்னைக் கண்டதுமே கிள்ள ஆரம்பித்துவிட்டார்கள். ஊரில் எங்கு சுற்றினாலும் காம்போடு ஒரு வெற்றிலை கிடையாது. என்னைப் போல் ஒரு முட்டாள் உண்டா? ஒரு காம்பு வாங்குவதற்காக ஏழு மைல் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன்.

அது கரி பஸ். பெட்ரோல் கிடைக்காத காலம் என்பதால் வண்டிக்குப் பின்னால் அடுப்பு மாதிரி ஒன்றை வைத்து, கரியை எரித்து, அதில் வரும் வாயுவில் ஓட்டுவார்கள். ஓட்டுவார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பாதி வழி நிற்கும். நான் இறங்கிச் சாலையோரம் நடப்பேன், ஏறுவேன், மறுபடி இறங்குவேன். "சும்மா ஒரு எடத்துல இருமய்யா" என்று கண்டக்டர் இரண்டு தடவை அதட்டினார். ஒருவழியாகத் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு கடையில் நீளமான காம்போடு ஒரு வெற்றிலை வாங்கி, ஈரத் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்புகால் பஸ்ஸில் உட்கார்ந்தேன்.

பஸ் கிளம்பும் நேரத்தில், வேர்க்க விறுவிறுக்க ஒரு வாடகை சைக்கிளில் வந்து இறங்கினார் ராவுத்தர். சைக்கிளைத் தூக்கி பஸ் கூரையில் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நெருக்கி உட்கார்ந்தார்.

"அதக் கொஞ்சம் காட்டும் தம்பி."

காட்டினேன். வாங்கினார், வாயில் போட்டுக் காம்போடு மென்று விழுங்கிவிட்டார். பாக்கும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை.

"உமக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. செத்த நேரத்தில் ஒரு மேட்டில் வண்டி நின்றது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். தள்ளிக்கொண்டே ராவுத்தர் தலையைத் தூக்காமல் பேசினார்.

"ஒங்க மொதப் பிள்ளைக்கும் காம்பு எங்கிட்டத்தான் வாங்குனீரு. ஞாபகம் இருக்கா?"

எனக்கு அதுவரை ஞாபகம் இல்லை. அவர் சொன்னதும் வந்துவிட்டது.

"எளங்காம்பாப் பாத்துக் கிள்ளிக் குடுத்தேன். ஒரு கேள்வி கேக்கல. பிள்ளை பச்சையா வாந்தி எடுத்துச்சுங்கிறது எல்லாம் முடிஞ்ச பொறவுதான் காதுல விழுந்துச்சு. அன்னைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தா வண்டிய வச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். பொழச்சிருக்குமோ என்னவோ, அது அல்லாவுக்குத்தான் தெரியும். அதுல இருந்துதான் கேக்க ஆரம்பிச்சேன். ஊரு சிரிக்கி. சிரிச்சிட்டுப் போகட்டும்."

கேட்காமல் விட்டோமே என்று மூன்று வருஷமாக அந்த மனிதர் மருகிக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்கு வாந்தியைப் பற்றி நான் சொல்லவில்லையே என்பது எனக்கு அந்த மேட்டில்தான் உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கரிப் புகை என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

"அப்போ இவளுக்கு?" என்றேன்.

"நீரு இங்க கெளம்பினதும் நான் ஒங்க வீட்டு வாசல்ல நின்னு, ஒங்க சம்சாரத்துக்கிட்ட ஒண்ணொண்ணாக் கேட்டுட்டுத்தான் வாரேன். பிள்ளை நல்லா இருக்கா. பால் மட்டும் குடிக்கிற பிள்ளை எட்டு நாளு, பத்து நாளு கூடப் போகாம இருந்து, பொறவு தானாப் போயிருக்கு. எத்தனையோ வீட்ல பாத்துட்டேன். எண்ணெய மட்டும் ஊத்த விடாத தாயின்னு சொல்லிட்டு வந்திருக்கேன். வாந்தின்னு ஒரு சொல் வந்தா நானே தூக்கிட்டு ஓடுதேன், போதுமா?"

பொழுது சாய்கிற நேரத்துக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். ராவுத்தர் தெருவிலேயே நின்றுகொண்டார். உள்ளே மாமியார் எண்ணெய்ச் சங்கோடு அறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் கதவச் சாத்துனவ இன்னும் தெறக்கல மாப்ள. அந்த வெத்தலக்காரரு என்ன மந்திரம் போட்டாரோ, காலை மடக்குதேன் நீட்டுதேன்னு உள்ளேயே கெடக்கா. நீங்களாவது கேளுங்க."

நான் கூப்பிடுவதற்குள் கதவு திறந்தது. கோமதியின் சேலை முந்தானை முழுக்க மஞ்சள். இரண்டு துணியை நனைத்த பிறகும் அடங்காமல் வந்திருக்கிறது. தாயை அவள் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அந்நிய ஆண் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி நிற்கிறவள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவுக்குப் போனாள்.

"அண்ணே, போயிட்டா" என்றாள்.

ஊரையே கேள்வி கேட்டுத் துளைத்த மனிதர் அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றார். என் மாமியார் எண்ணெய்ச் சங்கை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "உள்ள வந்து ஒரு வாய் மோர் குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க மாப்ள" என்றார்.

அந்த வருஷமே பாப்பாவுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டும். கோமதிக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. உறவில் யாரைக் கூப்பிடலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, "எங்க அண்ணன் கடையிலதான இருக்காரு, போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள். வந்தார். ஆசாரியை ஊசியைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் பிள்ளையை மடியில் வாங்கினார். ஊசி இறங்கியதும் பாப்பா அழுதாள், அவர் அவளைவிட அதிகமாக அழுதார். எனக்கு மச்சான் என்று வாய் நிறையக் கூப்பிட அந்த ஒரு மனிதர்தான் இருந்தார்.